கூம்பும் பானையும்: வடக்குத் தொழிற்பகுதியில் மேற்கிசை கேட்ட வரலாறு

சென்னைக்கு வடக்கே செல்லும் இருப்புப்பாதையை ஒட்டிய வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி முதலிய ஊர்கள் இன்று அனல்மின் நிலையத்துக்கும் உருக்காலைகளுக்கும் பெயர்பெற்றவை என்பதால், இசை வரலாறு எழுதுவோர் இப்பக்கம் திரும்புவது அரிது. ஜாஸ், ராக் முதலிய மேற்கத்திய வெகுசன இசை வகைகளைத் தமிழ்க் காது எவ்வாறு கேட்கக் கற்றது என்ற கேள்வியோ இப்பகுதியிலிருந்தே தொடங்க வேண்டியதாயிருக்கிறது. அக்கல்விக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து பின்னர் சென்னையோடு இணைக்கப்பட்டதும், இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படுவதுமான மணலியைச் சேர்ந்தது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார், இசைக்கலைஞர் ராமசாமி தீட்சிதரின் குடும்பத்தை மணலிக்கு அழைத்துவந்து ஆதரித்தார். அவர் மகன் சின்னையா முதலியார் காலத்திலும் அந்த ஆதரவு தொடர்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியப் படைப் பிரிவின் பேண்டு வாசித்ததைக் கேட்கும் வாய்ப்பு அக்குடும்பத்து இளைஞர்களுக்கு இவ்வாறு கிட்டியது. இளையவர்களுள் ஒருவரான பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அக்கருவி கர்நாடக இசைக்குள் நுழையக் காரணமானவர்களுள் ஒருவரானார். மூத்தவரான முத்துசாமி தீட்சிதர் தாம் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் அந்த நாற்பது அளவிலான உருப்படிகளின் மூலங்களுள் பிரிட்டிஷ் அரச வாழ்த்து மெட்டும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டு நடன மெட்டுகளும் உள்ளன. அவற்றுள் பல அரங்கில் அமர்ந்து கேட்கும் செவ்வியல் இசையாக இல்லாமல், அக்காலச் சிப்பாய்களும் கப்பற்காரர்களும் காலால் தாளமிட்டு ஆடிய இசையாக இருந்தன. மேற்கின் வெகுசன இசையை ஒரு பெரும் தமிழ் இசைமேதை செவி கொடுத்துக் கேட்டுத் தரம் பார்த்து எடுத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் இருக்க முடியாது.

தீட்சிதர் எதை எடுத்துக்கொண்டார் என்பதைப் போலவே எதை விட்டுவிட்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. மேற்கிசையில் ஒரு மெட்டு தனியே நடப்பதில்லை. அதன் கீழே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டுச் சுரங்கள், அதாவது கார்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே வரும். இந்தக் கீழ்த்தள நடையையே ஹார்மனி என்பர். நோட்டுஸ்வரங்களில் மெட்டு மட்டுமே சங்கராபரண மேளத்தின் சுரங்களில் வந்தமர்ந்தது. கீழ்த்தளம் கோட்டையிலேயே நின்றுவிட்டது. இதைக் குறை என்று சொல்வது பொருந்தாது. ஒற்றை வரி இசையில் கமகத்தையும் நுண்சுரத்தையும் பிரித்தறியப் பழகிய காதுக்கு, கீழ்த்தளம் தேவையற்ற இரைச்சலாகவே பட்டிருக்கும். ஆனால் அந்தக் கீழ்த்தளம் இப்பகுதியின் சாதாரண மக்கள் காதை வந்தடைய ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின. அதைக் கொண்டுவந்தவர்கள் வித்துவான்கள் அல்லர்.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் திருவள்ளூர் வழியாகவே சென்றது. ரயில்வேயோடு பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடியிருப்புகள் வளர்ந்தன. அங்கு ரயில்வே இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் இயங்கிய மன்றங்களில் பியானோவும் டிரம்ஸும் சாக்ஸபோனும் சேர்ந்த நடன இசைக்குழுக்கள் வாசித்தன. 1920களுக்குப் பின் அவற்றின் வழியே ஜாஸ் இப்பக்கம் வந்தது. மன்றத்தின் சுவருக்கு வெளியே இருந்த தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அது பக்கத்து வீட்டு விருந்தின் ஓசையாகவே இருந்தது.

எனினும் ஜாஸின் பிறப்பை அறிந்தவர்க்கு, சுவருக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே இருந்த வாழ்க்கையே அதற்கு நெருக்கமானது என்பது விளங்கும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் இராணுவ பேண்டுகளின் பித்தளைக் கருவிகளைத் தமதாக்கிக்கொண்டு, சவ ஊர்வலத்தின் முன்னே வாசித்துச் சென்றனர். இடுகாட்டுக்குப் போகையில் மெதுவான துதிப்பாடலும், அடக்கம் முடிந்து திரும்புகையில் ஆடவைக்கும் துள்ளல் இசையும் ஒலித்தன. அந்தத் துள்ளலும் ஜாஸின் ஊற்றுகளுள் ஒன்று. வடதமிழகத்தில் பறையும் சாவு மேளமும், வசதிக்கேற்ப டிரம்பெட் சேர்ந்த பேண்டு செட்டும் முன்செல்ல, இளைஞர் ஆடியபடி பிணத்தை எடுத்துச்செல்லும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்த ஒருவருக்கு இதில் வியக்க எதுவுமில்லை. துக்கத்தின் நடுவே ஏன் ஆடுகிறார்கள் என்று வெளிநாட்டு மாணவருக்குப் பாடநூல் பல பக்கங்களில் விளக்குவதை, பொன்னேரிக்காரர் கேட்காமலே அறிந்திருந்தார்.

சுவருக்கு வெளியே இருந்தவர்களை இசை எட்டிய அடுத்த வழி வானொலி. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை மட்டமானவை என்று கருதி வானொலியில் அவற்றுக்கு இடத்தைக் குறைத்ததும், நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போயினர். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட வலுவான ஒலிபரப்பிகள் அதன் கையில் இருந்தன. விவித் பாரதி 1957இல் தொடங்கியது நேயர்களைத் திரும்ப அழைக்கத்தான் என்றாலும், இலங்கை அறிவிப்பாளர்களின் குரலுக்குத் தமிழகத்தில் இருந்த மதிப்பு பல ஆண்டுகள் குறையவில்லை.

வானொலி இசை மக்களை எட்டிய கருவியைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு வானொலி இல்லாத காலத்தில் ஊராட்சிக் கட்டடத்தின் மேலும், தேநீர்க் கடை வாசலிலும், கல்யாண வீட்டுத் தென்னைமரத்திலும் கட்டப்பட்ட கூம்புக் குழாயே ஊரின் பொதுக்காது. பேச்சுக்குரலைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லவே வடிவமைக்கப்பட்ட அக்குழாயில், நொடிக்கு முந்நூறு அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் பெரும்பாலும் வராது. பாஸ் கிட்டார் என்பது ஹார்மனியின் அடித்தளச் சுரங்களை வாசிக்கும் நான்கு தந்திக் கருவி. அதன் தடித்த தந்தி நொடிக்கு 41 அதிர்வுகளே தருகிறது. ஆகவே கூம்பின் வழியே ஊர் கேட்டது பாடகரின் குரலையும் குழலையும் வயலினையும் மட்டுமே. தீட்சிதர் தெரிந்து விட்டதைக் கூம்பு தெரியாமல் விட்டது எனலாம். மெட்டைக் கேட்கும் பழைய வழக்கம் புதிய கருவியாலும் உறுதிப்பட்டது.

அப்படியும் சில கசிந்து வந்தன. தூத்துக்குடியில் பிறந்து இலங்கையில் வளர்ந்த நடிகர் சந்திரபாபு, குரலை அடித்தொண்டைக்கும் மேல்தொண்டைக்கும் இடையே உடைத்துத் தாவவிடும் யோடலிங் என்ற முறையைத் தமிழ்ப் பாட்டில் புகுத்தினார். அது கூம்பில் நன்றாகவே கேட்டது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையர் 1964இல் மட்டும் ‘காதலிக்க நேரமில்லை’யில் ராக் அண்ட் ரோல் சாயலையும், ‘புதிய பறவை’யில் கிளப் பாடலின் ஜாஸ் சாயலையும் தந்தனர். சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் அவற்றை வாசித்தவர்களுள் பலர் ஆங்கிலோ இந்தியரும், தேவாலயப் பாடகர் குழுக்களில் சுரக்குறிப்பு கற்ற கிறித்தவரும் ஆவர். பெரம்பூர் மன்றத்துக்குள் அடைபட்டிருந்த இசை இவ்வாறு சுவரைத் தாண்டியது.

தாண்டிய இசை ஒரு பழியையும் சுமந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். திரைக்கதைகளில் சாக்ஸபோன் ஒலித்தால் வில்லனின் மாளிகை, சுருட்டுப் புகை, கண்ணாடிக் கோப்பை, கெட்டழியப்போகும் நாயகன் என்று பொருள். வீணை ஒலித்தால் குடும்பம். இருபது ஆண்டுகள் இந்தக் காட்சிமொழியில் ஊறிய பார்வையாளர், ஜாஸ் என்றாலே ஒழுக்கக்கேடு என்று எண்ணப் பழகியது அவர்கள் குற்றமன்று. கிளப் பாடல்களைப் பாடிய எல். ஆர். ஈஸ்வரியின் குரலில் இருந்த தாள நுட்பம் உரிய மதிப்பைப் பெறத் தாமதமானதற்கும் இதுவே காரணம்.

பழி சுமக்காத வெகுசன இசை தமிழில் இலங்கையிலிருந்தே வந்தது. 1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினம் தொடங்கிவைத்த பொப் இசை, திரைப்படத்தின் தயவின்றித் தன் காலில் நின்றது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழகத்தின் கல்லூரி விழாக்களையும் பேருந்துகளையும் ஆட்கொண்டது. அதன் அடியில் ஓடிய பைலா என்ற ஆட்ட நடை, போர்ச்சுக்கீசியர் வழியும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர் வழியும் இலங்கையில் வேரூன்றியது. மும்மூன்றாகப் பிரியும் அந்த நடையைக் கேட்டதும் கால் தானாகவே அசையும். 1983க்குப் பின் அகதிகளாக வந்த ஈழத் தமிழருக்கான பெரிய முகாம்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் அமைந்தபோது, வானொலியில் குரலாக மட்டும் அறியப்பட்ட நாட்டின் மக்கள் இவ்வூர்க்காரரின் அண்டை வீட்டாராயினர்.

கீழ்த்தளம் வந்துசேர்ந்தது கேசட்டில். 1980களில் டூ-இன்-ஒன் எனப்பட்ட, வானொலியும் கேசட்டும் இணைந்த பெட்டி, ஆலைத் தொழிலாளி போனஸ் பணத்தில் வாங்கக்கூடிய பொருளாயிற்று. ரயிலடிக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே பாட்டுப் பதியும் கடைகள் முளைத்தன. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அறுபதா தொண்ணூறா என்று நிமிடக் கணக்கில் காலிக் கேசட்டைத் தேர்ந்து, இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வது வழக்கம். அந்தத் தாளில் பாடல்களை எந்த வரிசையில் எழுதுவது, பக்கத்தின் முடிவில் பாட்டு அறுந்துபோகாமல் எதைப் பொருத்துவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள், தம்மை அறியாமலே ரசனையைப் பயின்றுகொண்டிருந்தனர்.

அக்காலத்தில் வீடுகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தேநீர்க் கடைகளிலும் பரவிய ஒரு வழக்கம் இசை நூல்களில் இடம்பெறுவது அரிது. மர ஸ்பீக்கர் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் மண்பானை ஒன்றை வாங்கி, அதன் வாயில் ஸ்பீக்கரை மேல்நோக்கிப் பதித்து, பிரிமணையின்மேல் அறை மூலையில் அமர்த்தினர். குடத்தின் வாயில் ஊதினால் ஆழ்ந்த ஓசை எழுவது போல, பானை வயிற்றின் காற்று குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வுகளோடு சேர்ந்து அதிர்ந்து அவற்றைப் பெருக்கியது. கடம் வித்துவான் பானை வாயைத் தன் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் கும்கி எழுப்புவதும் இதே இயற்பியல்தான். மணலியில் விடுபட்டுப்போன கீழ்த்தளம், குயவர் வனைந்த பானையிலிருந்து முதன்முறையாக வடக்குத் தொழிற்பகுதியின் சாதாரண வீடுகளில் எழுந்தது.

பானைக்கு ஏற்ற இசையும் அதே காலத்தில் உருவாகியிருந்தது தற்செயலாக அமைந்த பெரும்பேறு. 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கிசை பயின்றவர். இடம் வலம் என ஒலியை இரு கூறாகப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ முறையில் பதிவான தமிழ்ப் படப் பாடல்களுள் அவருடைய ‘ப்ரியா’ (1978) முற்பட்டது. அவருக்கு முன் பெரும்பாலும் தாளத்தை நிரப்பிவந்த பாஸ் கிட்டார், அவர் எழுத்தில் பாடலுக்கு எதிர்ப்பாட்டுப் பாடும் இரண்டாம் குரலானது. ‘மூடுபனி’யில் இடம்பெற்ற ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலைக் கூம்பில் கேட்டவர் ஜேசுதாஸின் குரலைக் கேட்டார். பானையில் கேட்டவர் அக்குரலுக்குக் கீழே தனி வழியில் ஏறி இறங்கும் மற்றொன்றையும் கேட்டார். ஹார்மனி என்ற சொல்லை அவர் அறியாதிருக்கலாம். “கீழ ஒண்ணு தனியா ஓடுது பார்” என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லத் தெரிந்தவருக்குப் பாடத்தின் கடினமான பகுதி முடிந்துவிட்டது.

தொழிற்பகுதிக்கும் மேற்கின் வெகுசன இசைக்கும் உள்ள உறவு கேட்பதோடு நிற்பதன்று. டெட்ராயிட் நகரின் கார் ஆலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, வெற்றுச் சட்டம் ஒரு முனையில் நுழைந்து முழுக் காராக மறுமுனையில் வெளிவரும் வரிசை உற்பத்தியைக் கண்டு, பாடகர்களை அதே முறையில் உருவாக்கும் மோட்டவுன் இசை நிறுவனத்தை 1959இல் தொடங்கினார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு ஆலைத் தொழிலாளியான பதினேழு வயது டோனி அயோமி, 1965இல் வேலையின் கடைசி நாளன்று எந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தார். இனி கிட்டார் இல்லை என்று மனமொடிந்திருந்தவரிடம் ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். அது தீ விபத்தில் கை முடங்கியும் இரண்டு விரல்களால் வாசித்துப் புகழ்பெற்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. அயோமி நெகிழிப் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார்; விரல் நோகாதிருக்க மெல்லிய தந்திகளைக் கட்டினார்; பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அவர் இடம்பெற்ற பிளாக் சபாத் குழுவின் கனத்த ஒலி அப்படிப் பிறந்ததே. ஹெவி மெட்டல் என்ற ராக் பிரிவு அதிலிருந்து கிளைத்தது. உருட்டாலையின் பிரஸ் எந்திரத்தருகே எட்டு மணி நேரம் நிற்கும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கு அந்த ஒலியை விளக்க முன்னுரை தேவைப்படாது. விரல் போனதன் பொருளும் அவருக்குத் தெரியும்.

சாக்ஸபோன் மீதான பழியைக் கழுவியவர் கத்ரி கோபால்நாத். நாகசுரக் கலைஞரின் மகனான அவர், மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட அக்கருவியில் கமகம் பிடிக்கப் பழகி, சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் அவர் வாசித்த பிறகு, சாக்ஸபோன் காதலுக்கும் கண்ணீருக்கும் உரிய கருவியாயிற்று. திருமண வரவேற்புகளிலும் ஒலிக்கத் தொடங்கியது. இளமையில் ராக் குழுக்களில் வாசித்த ரஹ்மான், ‘இருவர்’ (1997) படத்தில் ஸ்விங்கை மறைக்காமல் முன்னிறுத்தினார். ஸ்விங் என்பது ஒரு தட்டைச் சம பாதிகளாக வெட்டாமல், முதற்பாதியை நீட்டிப் பிற்பாதியைக் குறுக்கி வாசிக்கும் ஜாஸ் நடை. திஸ்ர நடை தெரிந்தவர் அதை உடனே இனங்கண்டுகொள்வார்.

தாளத்தில் மட்டும் ஓர் இடறல் நெடுநாள் நீடித்தது. ராக் இசையில் நான்கு தட்டுகளுள் இரண்டாவதும் நான்காவதும் அழுத்தம் பெறும். இதையே பேக்பீட் என்பர். வட்டத்தின் முதல் தட்டுக்கே கனம் கொடுத்துப் பழகிய நம் கூட்டம், மெல்லிசைக் கச்சேரியில் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டி டிரம்ஸ்காரரைத் தவிக்கவிடும். இதை மாற்றியதில் மின்ரயிலுக்கும் பங்குண்டு. 1979 ஏப்ரலில் கும்மிடிப்பூண்டி வரையும், அதே ஆண்டு நவம்பரில் திருவள்ளூர் வரையும் மின்மயமான பாதைகளில், பெட்டியின் தகரச் சுவரையே தாளக் கருவியாக்கி மாணவர்கள் கானா பாடினர். உள்ளங்கையால் ஆழ்ந்த தட்டு, விரல்நுனியால் கூர்ந்த எதிர்த்தட்டு என்று மாறி மாறி வரும் அந்த அடியில் டிரம்ஸின் இரு முக்கிய ஒலிகளும் உள்ளன.

வடசென்னையின் மரண வீடுகளில் இரவு முழுதும் பாடப்பட்டு வளர்ந்த கானாவை ராக், ராப் இசையோடு ஒரே மேடையில் நிறுத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான பா. இரஞ்சித் ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்துக்காரர். அதன் பாடகர்களுள் ஒருவராக இருந்த அறிவு அரக்கோணத்துக்காரர். ஒரு காலத்தில் இன்ஸ்டிடியூட் சுவருக்கு வெளியே நின்ற அதே ரயில்பாதை ஊர்கள் இப்போது மேடையேறின என்பதை, அக்குழுவைச் சென்னையின் நாகரிகப் புதுமையாக மட்டும் பாராட்டிய விமரிசனங்கள் கவனிக்கத் தவறின.

முறையாகக் கேட்கத் தொடங்க விரும்பும் வாசகர், மைல்ஸ் டேவிஸ் 1959இல் நியூயார்க்கில் பதிவுசெய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்ற ஜாஸ் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் முதல் உருப்படியில் கார்டுகள் விரைந்து மாறுவதில்லை. ஒரே சுர வரிசையில் நெடுநேரம் நின்று ஆராய்வதால், ராகம் கேட்டுப் பழகியவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. மேலும் அதில் மெட்டைச் சொல்வது பால் சேம்பர்ஸின் பாஸ். மற்றக் கருவிகள் ஒவ்வொரு முறையும் இரண்டே ஒலிகளில் ஆமோதிக்கின்றன. முதல் முறை பாஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டு, இரண்டாம் முறை மற்றவற்றைக் கேட்பது நல்லது. தொகுப்பின் நீளம் ஏறத்தாழ 45 நிமிடம்; கும்மிடிப்பூண்டியில் ஏறிச் சென்னையில் இறங்குவதற்குள் முதல் உருப்படியை இரண்டு முறையும் கேட்டு, தொகுப்பையும் முடித்துவிடலாம்.